கூடாரமா, ஏணியா?

“அடுத்தது கூடாரந்தானே சார்?”

கல்தச்சர் மாணிக்கம் உளியைக் கல்லில் ஊன்றியபடி, சுத்தியலை ஓங்காமல், என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். மார்கழி பிறக்க ஒரு வாரம் இருந்தது. காலை ஒன்பதரை மணி. திருச்சியில் இருக்கும் பழைய வெள்ளைக்காரக் கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தடியில், இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஒரு புதிய கருங்கல் பலகை படுத்திருந்தது. கல்தூள் என் மூக்குக் கண்ணாடியில் படிந்துகொண்டே இருந்தது. அன்று ஆறாவது முறையாக அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாணிக்கத்துக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. தமிழில் எவ்வளவு நீளமான கல்வெட்டையும் பிழையில்லாமல் செதுக்குவார். இங்கிலீஷ் எழுத்துகளுக்கு அவராகவே பெயர் வைத்திருந்தார். எஸ் என்றால் பாம்பு. ஈ என்றால் சீப்பு. ஓ வளையம், ஐ கம்பம், ஜி கொக்கி, எம் இரட்டை மலை. ஏ கூடாரம். எச் ஏணி. தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே வெட்டுவார்.

அன்று அவர் வெட்டிக்கொண்டிருந்தது, இந்த மனிதர் இன்ன இடத்தில் இறந்தார் என்று சொல்லும் வரி. பதினைந்து எழுத்துகள் முடிந்து கொக்கி வரை வந்தாயிற்று. ஊர்ப் பெயரில் பாதி நின்றது: “செரிங்”.

மரத்தின் மறுபக்கம் மடக்கு நாற்காலியில் என் நண்பர் டெரிக் தோர்ன்பி உட்கார்ந்து, பிளாஸ்க் மூடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். ஆங்கிலோ இந்தியர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அந்தக் கல் அவருடைய முன்னோர் கேப்டன் மேத்யூ தோர்ன்பிக்காக. டெரிக் எழுதிக் கொடுத்த தாளில் அந்த ஊர்ப் பெயர் “செரிங்கபட்டாம்” என்று இருந்தது. கொக்கிக்கு அடுத்தது கூடாரம்தான்.

“நிறுத்துங்க மாணிக்கம். கூடாரம் இல்லை, ஏணி,” என்றேன்.

டெரிக் டீயைக் கீழே வைத்தார்.

“என்ன மேன் சொல்றே?”

பதினொரு நாளாக என் வயிற்றுக்குள் கிடந்த விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது.

சொந்த ஊர் எது?

எண்களைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று இந்த இதழின் ஆசிரியர் போனில் சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன். ஆனால் முப்பத்தைந்து வருஷம் திருச்சி கூட்ஸ் யார்டில் வேகன் நம்பர் எடுத்த கிளார்க்கிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. ஒவ்வொரு வண்டி வந்து நின்றதும், முன்னிருந்து பின்வரை நடந்து, ஒவ்வொரு வேகனின் எண்ணையும் எழுதி, மொத்தத்தைக் கூட்டிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒன்று விட்டுப்போனாலும் எங்கேயோ ஒரு ஊரில் யாரோ சிமெண்டுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள். மலைக்கோட்டைப் படிகளைப் பதினோரு முறை எண்ணியிருக்கிறேன். பதினோரு முறையும் ஒரே எண் வரவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்றும் உண்டு.

டெரிக் அந்த வண்டிகளை ஓட்டியவர். நான் கடைசி வேகன் வரை போய் வருவதற்குள் அவருக்குப் பொறுமை போய்விடும். “எண்ணி முடிச்சியா, இல்ல நாளைக்கு வரட்டுமா?” என்று இன்ஜினிலிருந்து கத்துவார். நான் ஸ்ரீரங்கத்துக்காரன். பெயர் சீனிவாசன். அவருக்குச் சீனி. “உங்க ஊர்ல பெருமாளே படுத்துக்கிட்டு இருக்காரு, நீ எப்படி மேன் சுறுசுறுப்பா இருப்பே?” என்பார்.

டெரிக் பிறந்தது பொன்மலை ரயில்வே குடியிருப்பில். அவருடைய அப்பாவும் அங்கேயே பிறந்தவர். ஆனால் நிறமும் பெயரும் கண்ணும் வேறு. யார் புதிதாக வந்தாலும் அவரிடம் ஒரே உரையாடல்தான் நடக்கும். நானே எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

“சார் எந்த ஊரு?”

“பொன்மலை.”

“அது சரி சார். சொந்த ஊரு?”

“பொன்மலைதான்யா.”

“இல்ல சார், பூர்வீகம்?”

டெரிக்கின் காது மடல் சிவந்துவிடும். அவர் அக்கா, தம்பி, சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். கடைசியில் மகள் ஷெரிலும் போனாள். டெரிக் போகவில்லை. போகாதவரிடம்தான் எல்லாரும் கேட்டார்கள், எப்போது உங்கள் ஊருக்குப் போகிறீர்கள் என்று.

நான் எண்ணாத நாள்

சுமார் நாற்பது வருஷம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து டெரிக்கும் அவர் மனைவி மேவிஸும் என்னை அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். “சரித்திரம் படிச்சவன் நீதான். எங்க பெரியவர் கல்லு ஒண்ணு இருக்கு, வந்து வாசிச்சுச் சொல்லு,” என்றார் டெரிக்.

கல் இருந்தது. அதன் வலப்பக்கக் கீழ் மூலை இல்லை. எப்போதோ மரக்கிளை முறிந்து விழுந்ததில் உடைந்து போயிருந்தது. பெயர் தெரிந்தது, கேப்டன் என்ற பதவி தெரிந்தது. இறந்த இடம் “செரிங்” என்று தொடங்கி அங்கேயே உடைந்திருந்தது. வருஷம் இருந்த வரியும் அந்த மூலையோடு போய்விட்டது.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “செரிங்கபட்டாம்!” என்றேன். திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெள்ளைக்காரன் வாயில் வந்த பெயர் அது. கல்லூரியில் அந்தப் போரைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதி முதல் மார்க் வாங்கியவன் நான். “உங்க பெரியவர் திப்புவோட கடைசிப் போர்ல செத்திருக்கார், டெரிக்.”

மேவிஸ் கைதட்டினார். டெரிக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

அதன் பிறகு கேப்டன் வளர ஆரம்பித்தார். முதல் கிறிஸ்துமஸ் விருந்தில் அவர் போரில் இறந்தவர். அடுத்த வருஷம் டெரிக் அவருக்கு ஒரு கோட்டை மதில் கொடுத்தார். அதற்கடுத்து மதிலில் சாத்திய ஏணி வந்தது. பத்து வருஷத்தில் கேப்டன் கையில் கொடியுடன் ஏணியின் உச்சிப் படியில் நின்று குண்டடிபட்டு விழுந்தார். சொந்த ஊர் எது என்று கேட்டவர்களுக்கெல்லாம் டெரிக் இந்தக் கதையைச் சொன்னார். அடுத்த கேள்வி வராது. ஷெரில் பெர்த் நகரத்தில் வீடு கட்டியபோது வாசலில் வீட்டின் பெயரைப் பித்தளையில் மாட்டினாள்: செரிங்கபட்டாம்.

அந்தப் பெயரை நான் உச்சரித்த நாளில், என் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக, எதையும் எண்ணாமல் கையெழுத்துப் போட்டேன்.

கேப்டன் பார்த்த வேலை

இரண்டு வருஷம் முன்பு, அந்தக் கல் வெட்டிய அதே வருஷம், ஷெரில் இங்கிலாந்தில் எங்கோ ஓர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதி, கேப்டனின் பணிப் பதிவுகளை நகலெடுத்து வாங்கினாள். நாற்பத்து மூன்று பக்கம். பழைய கையெழுத்து. “எனக்கு ஒரு வரிகூடப் புரியல, அங்கிள். அப்பாவுக்காக நீங்க வாசிச்சுச் சொல்லுங்க. கிறிஸ்துமஸுக்கு வரும்போது புதுக் கல்லைப் பார்க்கணும்,” என்று போனில் சொன்னாள். டெரிக் அதற்குள் கல்லுக்குச் சொல்லிவிட்டார். மேவிஸ் காலமான பிறகு அவர் ஆசையாகச் செய்த முதல் காரியம் அது.

பூதக்கண்ணாடியுடன் உட்கார்ந்தேன். மேத்யூ தோர்ன்பி பதினாறு வயதில் கப்பலேறி வந்தார். சென்னையில் இறங்கியதும் காய்ச்சல். ராணுவ அதிகாரிகளில் கடைசிப் படியில் சேர்ந்தார். அடுத்த படிக்குப் போக ஆறு வருஷம். கேப்டன் ஆவதற்கு இன்னும் பத்து வருஷம். அவருக்கு மேலே இருந்தவர்கள் சாகவும் இல்லை, ஊருக்குப் போகவும் இல்லை. எங்கள் யார்டில் ஹெட் கிளார்க் பதவிக்காக நான் காத்திருந்த கதைதான். அதை இந்தத் தொடரில் முன்பே புலம்பிவிட்டேன்.

அந்தக் காலத்தில் அதிகாரி என்றால் எப்போதும் வாளும் குதிரையுமாக இருந்திருப்பார் என்று நினைக்கிறோம். இவருடைய பதிவில் சண்டை என்று ஒரு பக்கம்கூட இல்லை. திருச்சிக் கோட்டைக் கிடங்குக்குப் பொறுப்பு. அரிசி மூட்டை, வெடிமருந்துப் பீப்பாய், கூடாரத் துணி. ஒருமுறை திண்டுக்கல் வரை போய் வந்தார். இரண்டு முறை உடம்பு சரியில்லாமல் நாகப்பட்டினத்தில் கடல் காற்று வாங்கினார். கடைசி ஏழு வருஷம் பீரங்கி இழுக்கும் மாடுகளுக்குப் பொறுப்பு.

இவர் நம்மை அடக்கி ஆள வந்த படையின் ஆள். மாலை போடுவதற்காக நான் இதை எழுதவில்லை. அந்த மாடுகளும் உப்பிலியபுரம் பக்கத்திலிருந்தும் பச்சைமலை அடிவாரத்திலிருந்தும் விவசாயிகளிடம் பிடித்து வந்தவைதான். ஆனால் பதிவு பதிவுதான். கூட்டல் கூட்டல்தான்.

இருபத்தாறாம் பக்கத்தில் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த அந்த மாதத்தில் கேப்டன் திருச்சியில் உட்கார்ந்து மாட்டுக் கணக்கில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்கடுத்த மூன்று வருஷமும் போட்டிருந்தார். செத்தவர் கையெழுத்துப் போட முடியாது.

கடைசிப் பக்கத்தில் இறந்த இடம் இருந்தது: “செரிங்ஹாம்”. அவசரத்தில் ஊர்ப் பெயரைச் சுருக்கி எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் சமாதானம் செய்துகொண்டேன். பின்னோக்கிப் புரட்டினேன். அந்தப் பெயர் ஏழு இடத்தில் இருந்தது. செரிங்ஹாமில் மாடுகள். செரிங்ஹாமில் படகுகள். ஏழாவது இடத்தில், செரிங்ஹாமிலிருந்து கொலரூன் ஆற்றைக் கடப்பது பற்றி ஒரு குறிப்பு.

கொலரூன் என்பது கொள்ளிடம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொள்ளிடம் ஏது? அது என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஓடுகிறது.

செரிங்ஹாம் என்றால் ஸ்ரீரங்கம். இரண்டு ஊரும் காவிரி சூழ்ந்த தீவு. இரண்டிலும் ரங்கநாதர் படுத்திருக்கிறார். வெள்ளைக்காரன் எழுதும்போது இரண்டு பெயருக்கும் முதல் ஆறு எழுத்து ஒன்றே. பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கும் எனக்கு, என் ஊர்ப் பெயர் கல்லில் உடைந்து கிடந்தபோது அடையாளம் தெரியவில்லை.

இறந்த காரணமும் போட்டிருந்தது. வயிற்றுக் கடுப்பு.

நூல் பிடித்தேன்

டெரிக் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். எழுதின கிளார்க் தூங்கிட்டிருப்பான் என்பார். அதனால் ஒரு வியாழக்கிழமை பஸ் பிடித்துத் தனியாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். டேப், நூல்கண்டு, நோட்டுப் புத்தகம். கொசு நாலு இடத்தில் கடித்தது.

பழைய கல்லைச் சுற்றி ஒரு கரைக்கோடு உண்டு. உடைந்த பக்கத்தில், மேலே மிச்சமிருந்த கோட்டிலிருந்து கீழே நூல் பிடித்தேன். கரைக்கோடுகளுக்கு இடையில் முப்பத்தாறு அங்குலம். எழுத்துக்கு இடைவெளியோடு ஒன்றரை அங்குலம். சொற்களுக்கு நடுவே விட்ட மூன்று இடமும் அதே அளவு. மேல் வரிகள் எல்லாம் இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக இடம் விட்டு நடுவில் அமைந்திருந்தன. உடைந்த வரியில் இடப்பக்கம் விட்ட இடம் இரண்டேகால் அங்குலம். வலப்பக்கமும் அதே அளவு விட்டால், கொக்கிக்குப் பிறகு மிஞ்சுவது நாலரை அங்குலம்.

மூன்று எழுத்து. மூன்றே எழுத்து. செரிங்ஹாமுக்கு மூன்று வேண்டும். செரிங்கபட்டாமுக்கு ஆறு வேண்டும்.

மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதேதான் வந்தது. மலைக்கோட்டைப் படிகள் எனக்குச் செய்யாத உபகாரத்தை அந்தக் கல் செய்தது. வேறு சமயமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து மனைவி கமலாவிடம் சொன்னேன்.

“இப்ப யாரு கேட்டா அதை?” என்றாள்.

“தப்பு தப்புதானே?”

“நாப்பது வருஷமா அந்த மனுஷன் சந்தோஷமா இருக்காரு. மேவிஸும் இல்ல. பொண்ணு வரப்போறா. உங்க டேப்பை எடுத்துட்டுப் போய் எல்லாத்தையும் கெடுங்க.” சற்று நேரம் கழித்து, “சொல்றதுன்னா கல்லுல வெட்டறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. அப்புறம் சொன்னா அது பாவம்,” என்றாள்.

அப்புறமும் தள்ளிப்போட்டேன். மூன்று முறை டெரிக் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினேன். இப்படித்தான் பதினொரு நாள் ஓடி, கொக்கி வரை வந்துவிட்டது.

வேப்பமரத்தடியில்

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டுக் கணக்கு, கொள்ளிடம், முப்பத்தாறு அங்குலம். டெரிக் குறுக்கே பேசவில்லை. அது நல்ல அறிகுறி இல்லை.

“முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேன்.”

“ஸ்ரீரங்கத்துல ஒரு ஆர்மி ஆஃபீசருக்கு என்ன மேன் வேலை? சர்க்கரைப் பொங்கல் வாங்க வந்தாரா?”

“மாடு கட்டியிருந்தாங்க, டெரிக்.”

“எங்க தாத்தாவை உங்க ஊருக்கு இழுக்கப் பாக்குறே நீ. ஏன், உங்க ஊருக்குப் பெருமாள் பத்தலையா?”

“பதிவுல இருக்கு.”

“எழுதினவன் கிளார்க். நீயும் கிளார்க். ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்க.” அவர் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “செரிங்கபட்டாம்னு சொன்னது யாரு? நானா? நான் எட்டாங்கிளாஸ். நீ சொன்னே. இதே இடத்துல நின்னு சொன்னே. மேவிஸ் கைதட்டினா.”

“நான்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன்.”

“எப்படிச் செத்தாரு? அதையும் சொல்லிடு.”

சொல்லாமல் இருந்திருக்கலாம். “வயிற்றுக் கடுப்பு,” என்றேன்.

மாணிக்கம் சுத்தியலைத் துணியில் சுற்றும் பாவனையில் குனிந்துகொண்டார்.

“நாப்பது வருஷமா எனக்கு ஒரு ஹீரோ இருந்தாரு. இன்னைக்குக் காலையில வந்து அவருக்குப் பேதி புடுங்க வெச்சிட்டே,” என்றார் டெரிக். “மாணிக்கம், நீங்க வீட்டுக்குப் போங்க. வேலை இல்ல.”

“கல்லு பாதியில நிக்குதே சார்?”

“நிக்கட்டும்.”

ஷெரிலின் விமானம் வர ஒன்பது நாள் இருந்தது. பாதி ஊர்ப் பெயரோடு கல் வெயிலில் கிடந்தது.

மயிலை, செவலை, காரி

நாலு நாள் டெரிக் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை பொன்மலைக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ரொட்டியைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே மேவிஸின் நாற்காலி. நான் அதில் உட்காரவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“இன்னும் என்ன பாக்கி வெச்சிருக்கே?”

“ஒரே பக்கம். நீ வாசிக்கணும்.”

“கண்ணாடி இல்ல.”

“சட்டைப் பையில இருக்கு.”

முறைத்தார். எடுத்து மாட்டிக்கொண்டார். நான் கொண்டுபோனது முப்பத்தொன்றாம் பக்கம். மாட்டுப் பட்டியல். மற்ற அதிகாரிகள் மாட்டுக்கு வெறும் எண்ணிக்கைதான் போடுவார்கள் போலிருக்கிறது. இவர் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு வரி எழுதியிருந்தார். நிறம், கொம்பு, உடைமைக்காரர் பெயர், ஊர். கடைசியில், திரும்பக் கொடுத்தாயிற்றா என்று ஒரு கட்டம். மொத்தம் இருநூற்றுப் பதினேழு மாடு. கொடுத்தது, செத்தது, நிற்பது என்று பிரித்துக் கூட்டியிருந்தார். நானும் கூட்டிப் பார்த்தேன். அவர் கூட்டலில் ஒரு பிழை இல்லை.

ஆனால் டெரிக்கிடம் நான் காட்ட நினைத்தது கூட்டலை இல்லை. நிறம் எழுதிய கட்டத்தில் விரலை வைத்தேன்.

“இதை வாசி.”

டெரிக் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். “எம்… ஏ… ஒய்…” நிறுத்தினார். “என்ன மேன் இது? இங்கிலீஷா?”

“எழுத்து இங்கிலீஷ்.”

“மயிலை,” என்றார் மெதுவாக. அடுத்த வரிக்குப் போனார். “செவலை. மயிலை. காரி. செவலை, ஒரு கொம்பு ஒடஞ்சது.” நிமிர்ந்தார். “இது தமிழ்.”

“ஆமா. மாட்டு நிறத்துக்கு அவருக்கு இங்கிலீஷ்ல வார்த்தை போதல போலிருக்கு. மாட்டுக்காரங்க சொன்னதை அப்படியே கேட்டு எழுதியிருக்காரு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். பட்டியலின் கடைசி வரை விரலை ஓட்டிக்கொண்டே போனார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. பிறகு சிரிப்பு நின்றது, நீர் நிற்கவில்லை.

“எங்க அப்பா, வீட்டுக்குள்ள தமிழ் பேசினா பெல்ட்டைக் கழட்டுவாரு, தெரியுமா? துரை வம்சம்டா நாம, வேலைக்காரன் பாஷை பேசாதேன்னு. நான் தெருவுல தமிழ், வீட்டுல இங்கிலீஷ். வாசப்படியில செருப்போட சேர்த்துத் தமிழையும் விட்டுட்டு வருவேன்.” தாளைத் தட்டினார். “துரையே மயிலைன்னு எழுதியிருக்கான்.”

மேஜையில் ரொட்டி ஐந்து துண்டு இருந்தது. ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன்.

“எத்தனை வருஷம் இங்க இருந்தாரு?”

“வந்ததிலேர்ந்து சாகற வரைக்கும். கடல் காத்துக்கு நாகப்பட்டினம் போனதைக் கழிச்சா, பதினெட்டு வருஷம் திருச்சியும் ஸ்ரீரங்கமும்தான்.”

“திரும்பிப் போகவே இல்லையா?”

“ஒரு தடவை லீவு கேட்டிருக்காரு. கிடைச்சிருக்கு. போகல.”

“ஏன்?”

“அது எழுதல.”

டெரிக் தாளை மடித்து மேஜையில் வைத்தார். அவரும் ஒருமுறை விசா வாங்கிப் போகாமல் இருந்தவர். ஏன் என்று நான் கேட்டபோது அவரும் சொல்லவில்லை. போனை எடுத்தார்.

“மாணிக்கமா? டெரிக். நாளைக்கு வாங்க… ஆமா… ஏணி போடுங்க.” என்னைப் பார்த்து, “ஏணிக்கு அப்புறம் என்ன மேன்?” என்றார்.

“கூடாரம். அப்புறம் இரட்டை மலை. அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டுப் போனை வைத்தார். “ஏணியில ஏறிச் செத்தவருன்னு சொன்னேன். கடைசியில அவருக்கு அந்த ஒரு ஏணியாவது கிடைச்சுதே.” பிறகு விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். “ஆனா ஒண்ணு. வயிற்றுக் கடுப்புன்னு கல்லுல ஒரு எழுத்து வந்துச்சு, உன்னையும் அங்கயே படுக்க வெச்சிடுவேன்.”

காலியாக நிற்கும் இடம்

கல் முடிந்தது. ஆனால் ஒரு குறை. மாணிக்கம் பெரிய பெயருக்காக அளந்து காவிக்கோடு போட்டிருந்தார். பெயர் மூன்று எழுத்து குறைந்ததால், அந்த வரி மட்டும் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. வலப்பக்கம் மூன்று எழுத்துக்கான இடம் இன்றும் காலி. போகும்போதெல்லாம் எனக்கு அது உறுத்துகிறது. டெரிக்கிடம் சொன்னால், “மூணு எழுத்துதானே, விடு மேன். மூச்சு விட்டுக்கட்டும்,” என்கிறார்.

ஷெரில் வந்தாள். கல்லைப் பார்த்தாள். அப்பா சொல்லியதைக் கேட்டாள். “அப்போ என் வீட்டு போர்டு, அங்கிள்?” என்று என்னிடம் கேட்டாள். டெரிக்கே பதில் சொன்னார். “போர்டை அறுத்துடு. பாதி சரியாத்தானே இருக்கு.”

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவர்களுக்கு என் வீட்டில் சாப்பாடு. ஷெரிலின் கணவரும் குழந்தைகளும் முன்னால் ஒரு ஆட்டோவில் போனார்கள். பின்னால் வந்த ஆட்டோவில் டெரிக், ஷெரில், நான். காவிரிப் பாலத்தில் வண்டி ஏறியது. ஆற்றில் தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது. எதிரே கோபுரம் தெரிந்தது.

டிரைவர் கண்ணாடியில் ஷெரிலைப் பார்த்தார், பிறகு டெரிக்கைப் பார்த்தார்.

“சார் எந்த ஊரு?”

“பொன்மலை.”

“அது சரி சார். சொந்த ஊரு?”

நான் பாலத்து விளக்குக் கம்பங்களை எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

டெரிக் கையை வெளியே நீட்டிக் கோபுரத்தைக் காட்டினார்.

“ஸ்ரீரங்கம்.”

“அட, நம்ம ஊரா! எந்த வீதி சார்?”

டெரிக் முழங்கையால் என் விலாவில் இடித்தார். நாற்பத்து மூன்று பக்கத்திலும் வீதிப் பெயர் இல்லை.

“கொள்ளிடக்கரை,” என்றேன்.

“ஆமா, கொள்ளிடக்கரை,” என்றார் டெரிக், டிரைவரிடம். “அப்பல்லாம் அங்க மாடு நிறைய இருந்துச்சு.”